காற்றில் ஓடும் டயாபிரம் பம்ப்: உள்ளே என்ன நடக்கிறது, எந்த வேலைக்கு ஏற்றது, எதற்கு வேண்டாம்

கேள்வி கேட்டவர் கோவைப் பக்கம் சிறிய எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறை நடத்துபவர். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியின் அடியில் தங்கும் ஸ்லட்ஜை (சேற்றுக் கழிவை), துணி போட்ட பிளேட்டுகளுக்கு நடுவில் அழுத்தி நீரைப் பிரிக்கும் ஃபில்டர் பிரஸ்ஸுக்கு ஏற்ற ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்ப் (இம்பெல்லர் சுழன்று தள்ளும் பம்ப்) வைத்திருக்கிறார். அதன் சீல் அடிக்கடி போகிறது. ஒரு லோடுக்குச் சுமார் 3,000 லிட்டர் ஸ்லட்ஜ். காற்றில் ஓடும் டயாபிரம் பம்ப் போடச் சொல்லி ஒரு சப்ளையர் 2 இன்ச் பம்புக்கு விலை கொடுத்திருக்கிறார். பட்டறையில் இருப்பது 5 எச்பி பிஸ்டன் கம்ப்ரசர். மோட்டாரே இல்லாமல் இந்தப் பம்ப் எப்படி ஓடும், அந்த விலைக்குத் தகுமா, வேறு எங்கெல்லாம் இதைப் போடுகிறார்கள் என்பதே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைக்கு இது சரியான பம்ப். ஆனால் 2 இன்ச் வேண்டாம், 1 இன்ச் போதும். 2 இன்ச் பம்பை உங்கள் கம்ப்ரசரால் ஓட்ட முடியாது. இந்தப் பம்பின் நல்ல குணம் எல்லாமே, கெட்ட குணம் எல்லாமே, அதை ஓட்டுவது காற்று என்ற ஒரே காரணத்திலிருந்துதான் வருகின்றன. அதனால் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பம்பின் நடுவில் ஒரு பிளாக். அதன் இடதும் வலதும் ஒவ்வொரு வட்ட அறை. ஒவ்வொரு அறையையும் ஒரு ரப்பர் அல்லது டெஃப்லான் டயாபிரம் (வளைந்து கொடுக்கும் சவ்வு) குறுக்கே இரண்டாகப் பிரிக்கிறது. உள்பக்கம் காற்று, வெளிப்பக்கம் திரவம். இரண்டு டயாபிரங்களையும் நடுவில் ஒரு ஷாஃப்ட் இணைக்கிறது. கொல்லன் பட்டறையின் இரட்டைத் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: ஒன்று அமுங்கும்போது மற்றது விரியும். இடது டயாபிரத்தின் பின்னால் காற்று நுழைந்து அதை வெளிப்பக்கம் தள்ளினால், அந்த அறையிலுள்ள திரவம் மேல்வழியாக வெளியேறும். அதே நேரம் ஷாஃப்ட் வலது டயாபிரத்தை உள்பக்கம் இழுக்கும். வலது அறையில் வெற்றிடம் உண்டாகி, கீழ்வழியாகத் திரவம் உள்ளே ஏறும். வலது டயாபிரத்தின் பின்னால் இருந்த பழைய காற்று சைலன்சர் வழியாக "புஸ்" என்று வெளியே போகும். அடுத்த ஸ்ட்ரோக்கில் எல்லாம் தலைகீழ்.

திரவம் வந்த வழியே திரும்பிப் போகாமல் தடுக்க அறைக்கு இரண்டு வீதம் நான்கு செக் வால்வுகள் உண்டு. பெரும்பாலும் அவை சீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் வெறும் பந்துகள். கீழ்ப் பந்து உறிஞ்சும்போது எழும், தள்ளும்போது அமரும். மேல் பந்து அதற்கு எதிர்மாறு. கெட்டியான துண்டுகள் கலந்த திரவத்துக்குப் பந்துக்குப் பதில் மடக்குத் தகடு வைத்த மாடல்கள் உண்டு. பந்து வைத்த 2 இன்ச் பம்ப் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அளவுள்ள துகளைக் கடத்தும்; தகடு வைத்த பெரிய பம்புகள் 50 மில்லிமீட்டருக்கு மேலும் கடத்தும்.

காற்றை இடது, வலது என்று மாற்றி மாற்றி விடுவது ஏர் வால்வு. அதற்குள் ஸ்பூல் என்ற உருளை முன்னும் பின்னும் தாவும். ஸ்ட்ரோக் முடியும் இடத்தில் டயாபிரத்தின் பின்தகடு ஒரு சின்ன பைலட் பின்னைத் தட்டும், அல்லது ஷாஃப்டில் வெட்டிய பள்ளம் ஒரு துளையைத் திறக்கும். ஸ்பூலின் ஒரு முனையில் அழுத்தம் இறங்கி அது மறுபக்கம் தாவ, காற்று அடுத்த அறைக்குத் திரும்பும். ஒயர் கிடையாது, சென்சார் கிடையாது, சுற்றும் பாகம் எதுவும் கிடையாது. நல்ல பம்பாக இருந்தால் இந்த வால்வை ஒரு ஃபிட்டர் நான்கு போல்ட் கழற்றி லைனிலேயே மாற்றிவிடுவார்.

இந்த அமைப்பில் 1955ல் பம்ப் செய்து விற்கத் தொடங்கியவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜிம் வில்டன். அன்று அவர் போட்ட அடிப்படை வடிவம் இன்றும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மாறியது ஏர் வால்வும் டயாபிரம் செய்யும் பொருளும்தான்.

கேட்டலாக்கைப் பார்த்து முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. திரவத்தைத் தள்ளும் வேளையில் டயாபிரத்தின் ஒரு முகத்தில் காற்றின் அழுத்தம். மறு முகத்தில் ஏறக்குறைய அதே அளவு திரவத்தின் அழுத்தம். காற்று 6 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) என்றால் எதிர்ப்பக்கமும் அதற்கு நெருக்கமாகத்தான் இருக்கும். அதனால் அந்த ரப்பரின் மீது பெரிய சுமை விழுவதில்லை. அது காற்றையும் திரவத்தையும் பிரிக்கும் தடுப்பாக வளைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சன்னமான ரப்பர் வட்டம் பல லட்சம் ஸ்ட்ரோக் தாங்குவது இதனால்தான். ஷாஃப்டும் எதிர் டயாபிரத்தை இழுக்கும் வேலையை மட்டும் செய்கிறது. திரவத்தைத் தள்ளும் பளு முழுவதும் காற்றின் மேல்.

இதிலிருந்தே அடுத்த குணம் வருகிறது. சாதாரண மாடலில் வெளியேறும் அழுத்தம் உள்ளே விடும் காற்றின் அழுத்தத்தைத் தாண்டாது. பெரும்பாலான பம்புகளுக்கு உச்ச வரம்பு 7 முதல் 8 பார். டெலிவரி வால்வை யாராவது மூடிவிட்டால் திரவத்தின் அழுத்தம் ஏறி காற்றோடு சமமாகும். பம்ப் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மோட்டார் கருகாது, பைப் வெடிக்காது, ரிலீஃப் வால்வு தேவையில்லை. வால்வைத் திறந்தால் தானாகவே மறுபடி ஓடும். நின்றிருக்கும் நேரத்தில் சிறு கசிவைத் தவிரக் காற்றும் செலவாகாது. தொட்டி காலியாகி வெறுமனே ஓடினாலும் உடனே எதுவும் கெடாது. சென்ட்ரிஃபியூகலின் மெக்கானிக்கல் சீலும், திருகு சுழன்று தள்ளும் ஸ்க்ரூ பம்பின் ரப்பர் ஸ்டேட்டரும் (திருகைச் சுற்றிய உறை) அப்படி ஓடினால் சில நிமிடங்களில் போய்விடும். ஆனால் வெறுமனே ஓடும்போது ஸ்ட்ரோக் வேகம் எக்கச்சக்கமாக ஏறி டயாபிரத்தின் ஆயுள் குறையும். தாங்கும் என்பதற்காக அப்படியே ஓட விடக்கூடாது.

ப்ரைமிங்கும், அதாவது ஓட்டும் முன் பம்பைத் திரவத்தால் நிரப்புவதும், தேவையில்லை. உள்ளே காற்று மட்டும் இருக்கும் நிலையிலேயே 4, 5 மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சும். உள்ளே ஈரம் இருந்தால் இன்னும் அதிகம். ஃபுட் வால்வு போட்டு, தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றும் வேலை இல்லை.

இனி உங்கள் ஃபில்டர் பிரஸ்ஸுக்கு வருகிறேன். இந்தப் பம்பின் குணமும் ஃபில்டர் பிரஸ்ஸின் தேவையும் பொருந்துவது போல வேறு எந்த ஜோடியும் பொருந்தி நான் பார்த்ததில்லை.

பிரஸ் காலியாக இருக்கும்போது துணியில் எதிர்ப்பு கிடையாது. நிறைய ஸ்லட்ஜ் குறைந்த அழுத்தத்தில் போக வேண்டும். கேக் (துணியில் சேரும் கெட்டிச் சேறு) படியப் படிய எதிர்ப்பு ஏறும். கடைசியில் மிகக் குறைந்த அளவு ஸ்லட்ஜ், மிக அதிக அழுத்தத்தில், நீண்ட நேரம் அமுங்கிக்கொண்டிருக்க வேண்டும். மற்ற பம்புகளில் இதையெல்லாம் பேனல் வைத்து, வேகத்தை மாற்றும் டிரைவ் வைத்து, பிரஷர் ஸ்விட்ச் வைத்துச் செய்வார்கள். டயாபிரம் பம்ப் ஒன்றும் இல்லாமல் தானே செய்துவிடும். எதிர்ப்பு ஏற ஏற ஸ்ட்ரோக் மெதுவாகும். அழுத்தம் மட்டும் அப்படியே நிற்கும். கடைசியில் அரை நிமிடத்துக்கு ஒரு ஸ்ட்ரோக் என்ற நிலைக்கு வந்து கேக்கைப் பிழிந்துகொண்டிருக்கும்.

ஓட்டும் முறையில் ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். ஆரம்பத்திலேயே 6 பார் காற்றைத் திறந்துவிடக்கூடாது. அந்த வேகத்தில் நுண்ணிய துகள்கள் துணியின் கண்களுக்குள் அடித்துச் செருகிக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் தண்ணீர் இறங்காது, கேக் நடுவில் சேறாகவே இருக்கும். ரெகுலேட்டரை 2 பாரில் வைத்து ஆரம்பியுங்கள். துணியின் மேல் முதல் படலம் மெதுவாகப் படியட்டும். வெளியே வரும் தண்ணீர் தெளியட்டும். வடிகட்டும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அந்தப் படலம்தான், துணி அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்புறம் 3, 4 என்று படிப்படியாக ஏற்றி 6 பாருக்குக் கொண்டுபோங்கள். ஏற்றுவதற்கு முன் உங்கள் பிளேட்டும் பிரஸ்ஸின் ஹைட்ராலிக் அழுத்தமும் எவ்வளவு தாங்கும் என்று பிரஸ் கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லோடு முடிந்ததா என்று கடிகாரத்தைப் பார்ப்பதைவிடப் பம்பின் சத்தத்தைக் கேட்பது நல்லது. இரண்டு "புஸ்"ஸுக்கு நடுவில் அரை நிமிடத்துக்கு மேல் இடைவெளி வந்து, தண்ணீர் சொட்டாக இறங்கினால் கேக் தயார். பழகிய ஆபரேட்டர் வேறு வேலை பார்த்துக்கொண்டே காதில் இதைப் பிடித்துவிடுவார்.

இன்னொரு நன்மை கண்ணுக்குத் தெரியாதது. பிளேட்டிங் கழிவுநீரில் சுண்ணாம்போ காஸ்டிக்கோ போட்டு பிஎச்-ஐ ஏற்றினால் உலோகம் ஹைட்ராக்சைடாகப் பிரிந்து மெல்லிய துகளாக நிற்கும். அதை ஒன்றுசேர்க்கப் பாலிமர் போடுகிறீர்கள். துகள்கள் கூடிப் பஞ்சு போன்ற கட்டிகளாகி அடியில் இறங்குகின்றன. சென்ட்ரிஃபியூகல் பம்பின் இம்பெல்லர் நிமிடத்துக்கு 2,900 சுற்று சுற்றி அந்தக் கட்டிகளை அடித்து மறுபடி மாவாக்கிவிடும். பாலிமருக்குக் கொடுத்த காசு வீண், வடிகட்டவும் நேரமாகும். டயாபிரம் பம்ப் தள்ளும், அரைக்காது. பம்பை மாற்றியதும் கேக் காய்ந்து வருகிறது என்று பலர் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு.

இப்போது அளவுக் கணக்கு. ஒரு ஸ்ட்ரோக்கில் எவ்வளவு திரவம் வெளியேறுகிறதோ அவ்வளவு கொள்ளளவு காற்று, லைன் அழுத்தத்தில், தேவைப்படும். அழுத்தத்தை வளிமண்டலக் கணக்குக்கு மாற்றினால், 2 பார் என்றால் 3 மடங்கு, 6 பார் என்றால் 7 மடங்கு சாதாரணக் காற்று. கசிவுக்கும் உள்ளே வீணாகும் இடத்துக்கும் 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் ஆரம்பத்தில் 2 பாரில் நிமிடத்துக்கு 60 லிட்டர் ஏற்றினால் 216 லிட்டர் காற்று, அதாவது ஏறக்குறைய 8 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). முடிவில் 6 பாரில் 10 லிட்டர்தான் போகும் என்றால் 3 சி.எஃப்.எம். தான். 5 எச்பி பிஸ்டன் கம்ப்ரசர் 15 முதல் 18 சி.எஃப்.எம். வரை கொடுக்கும். ஆகவே 1 இன்ச் பம்ப் உங்களிடம் தாராளமாக ஓடும். 3,000 லிட்டரை நிமிடத்துக்குச் சராசரி 25 லிட்டர் வீதம் ஏற்றினால் 2 மணி நேரம். பிரஸ்ஸுக்கு அது நியாயமான நேரமே.

2 இன்ச் பம்பை அதே கம்ப்ரசரில் மாட்டினால் என்ன ஆகும்? லைனில் அழுத்தம் விழும், ஸ்ட்ரோக் தடுமாறும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடிச் சூடாகும். சில பழைய மாடல்களில் அழுத்தம் மெல்ல மெல்ல விழும்போது ஸ்பூல் நட்ட நடுவில் நின்று பம்ப் முழுதாக மாட்டிக்கொள்வதும் உண்டு. "பம்ப் சரியில்லை" என்று திருப்பி அனுப்பப்படும் பம்புகளில் எத்தனையோ இப்படிக் காற்றுப் போதாமல் நின்றவைதான். பம்புக்கு விலை கேட்கும் முன் கம்ப்ரசரின் பெயர்ப் பலகையைப் படியுங்கள். லைனும் முக்கியம். கால் இன்ச் ஹோஸில் கொண்டுவந்தால் கம்ப்ரசரில் 7 பார் காட்டும், பம்பில் 3 பார்தான் இருக்கும்.

இனி இதன் பலவீனம். நசுக்கிய காற்று தொழிற்சாலையில் மிக விலை உயர்ந்த சக்தி. கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. காற்றில் ஓடும் கருவி திருப்பிக் கொடுக்கும் வேலை 10 முதல் 15 சதவீதம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 300 லிட்டர் தண்ணீரை 20 மீட்டர் ஏற்றத் தண்ணீருக்குத் தேவையான சக்தி ஏறக்குறைய 1 கிலோவாட். நல்ல சென்ட்ரிஃபியூகல் பம்ப் இதை 2 கிலோவாட் இழுத்துச் செய்துவிடும். டயாபிரம் பம்புக்கு 3 பார் காற்று என்று வைத்தால் 50 சி.எஃப்.எம். வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு 6 சி.எஃப்.எம். தரும் ஸ்க்ரூ கம்ப்ரசரில் அது 8 கிலோவாட்டுக்கு மேல். நாளுக்கு 20 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் வித்தியாசம் 36,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,88,000 ரூபாய். வருடா வருடம்.

அதனால்தான் சுத்தமான தண்ணீரை நாள் முழுதும் ஏற்ற இந்தப் பம்பைப் போடுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். ஸ்டோரில் சும்மா கிடந்தது என்று எடுத்துக் கூலிங் டவர் தண்ணீருக்கு மாட்டி, மாதக் கணக்கில் ஓட விட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் பில் கம்ப்ரசர் கணக்கில் போவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. உங்கள் விஷயம் வேறு. ஒரு நாளில் ஒன்றிரண்டு லோடு, அதிலும் பாதி நேரம் பம்ப் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும். காற்றுச் செலவு கையைக் கடிக்காது. இருபத்து நான்கு மணி நேரமும் பிரஸ் ஓடும் பெரிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஸ்க்ரூ பம்ப் போடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறை இல்லாமல் அங்கே பட்டறை ஓட்ட முடியாது என்றானது. அவ்வளவு பெரிய அளவில் ஸ்லட்ஜ் வரும் இடத்தில் மின்செலவுதான் முதலில் நிற்கும். சிறிய யூனிட்டில் ஸ்க்ரூ பம்ப் போட்டால் உலர்ந்து ஓடாமல் பார்க்க ஒரு பாதுகாப்பு, அழுத்தம் ஏறினால் நிறுத்த ஒரு பிரஷர் ஸ்விட்ச், இரண்டையும் கவனிக்க ஓர் ஆள் என்று ஆகும்.

அளந்து ஊற்றும் வேலைக்கும் இது சரிப்படாது. ஸ்ட்ரோக்குக்கு இவ்வளவு என்று கேட்டலாக் சொன்னாலும் எதிர் அழுத்தம் மாறினால் அளவு மாறும். கெமிக்கல் டோசிங்குக்கு மோட்டாரில் ஓடும் டோசிங் பம்ப் தனியாக இருக்கிறது. அதிலும் டயாபிரம்தான் உண்டு, ஆனால் அது வேறு இனம்.

காற்று தரும் இன்னொரு தொல்லை ஐஸ். நசுக்கிய காற்று சைலன்சரில் திடீரென்று விரியும்போது சட்டென்று குளிர்கிறது, பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். காற்றில் ஈரம் இருந்தால் அது சைலன்சரிலும் ஏர் வால்விலும் உறைந்து வழியை அடைக்கும். மே மாத வெயிலில் பம்பின் மேல் வெண்பனி படர்ந்து நிற்பதைப் பார்த்தால் புதியவர்கள் திகைத்துப்போவார்கள். தீர்வு மூன்று: காற்றை உலர்த்துங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள், உச்ச வேகத்தில் ஓட்டாதீர்கள். உச்சத் திறனில் பாதிக்குள் ஓடும்படி தேர்ந்தெடுத்தால் ஐஸும் குறையும், டயாபிரமும் நீடிக்கும். சைலன்சரைக் கழற்றி எறிவது தீர்வு இல்லை. பக்கத்தில் நிற்பவர் காது போய்விடும்.

பொருள் தேர்வில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். திரவம் தொடும் பாகங்கள் அலுமினியம், வார்ப்பிரும்பு, ஸ்டெயின்லெஸ், பாலிபுரொப்பிலீன், பிவிடிஎஃப் (ஆசிட் தாங்கும் ஒரு பிளாஸ்டிக்) என்று பல வகையில் வரும். டயாபிரத்துக்கு ரப்பர் வகைகளான நியோபிரீன், நைட்ரைல், இபிடிஎம், வைட்டான், சான்டோபிரீன், அல்லது டெஃப்லான். எண்ணெய் கலந்ததற்கு நைட்ரைல் நல்லது. இபிடிஎம் எண்ணெயில் ஊதிவிடும். சான்டோபிரீன் ஆசிட், காஸ்டிக் இரண்டையும் நன்றாகத் தாங்கும், தேய்மானமும் குறைவு, விலையும் கட்டுபடி. ஆனால் பெட்ரோலியக் கரைப்பான்களுக்கு ஆகாது. டெஃப்லான் ஏறக்குறைய எதையும் தாங்கும், ஆனால் விறைப்பானது. வளைந்து வளைந்து சீக்கிரம் விரிசல் விடும், பின்னால் ரப்பர் தாங்கல் வேண்டும், ஸ்ட்ரோக்குக்கு ஏற்றும் அளவும் குறையும். "டெஃப்லான்தான் பெஸ்ட்" என்று எல்லாவற்றுக்கும் விற்பவரிடம் உஷாராக இருங்கள். உங்கள் ஸ்லட்ஜ் நடுநிலையாக்கி முடித்தது, பிஎச் 9 பக்கம் இருக்கும். பாலிபுரொப்பிலீன் உடல், சான்டோபிரீன் டயாபிரம், அதே பொருளில் பந்து. இவ்வளவு போதும். அடர் நைட்ரிக், குரோமிக் ஆசிட் ஏற்றுவதென்றால் மட்டும் பிவிடிஎஃப், டெஃப்லான் பக்கம் போங்கள். சூடும் முக்கியம்: பாலிபுரொப்பிலீன் பம்புகளுக்கு வரம்பு 80 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே.

வேறு எங்கெல்லாம் என்று கேட்டிருந்தீர்கள். பெயின்ட், பிரின்டிங் இங்க், கரைப்பான்கள் கையாளும் தொழிற்சாலைகளில் இதுதான் முதல் தேர்வு, காரணம் மின்சாரமே இல்லாமல் ஓடுவது. ஆனால் தீப்பொறி மோட்டாரிலிருந்து மட்டும் வருவதில்லை. டொலுவீன் போன்ற திரவம் குழாயில் ஓடும் உராய்விலேயே நிலைமின்சாரம் சேரும். பம்ப், டிரம், வாங்கும் பாத்திரம் மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்து எர்த் பண்ண வேண்டும். சாதாரண பாலிபுரொப்பிலீன் பம்பை அங்கே கொண்டுபோகவே கூடாது. உலோகப் பம்ப், அல்லது மின்கடத்தும் வகைப் பிளாஸ்டிக் பம்ப்தான். அதிலும் ஓர் அபாயம் பலருக்குத் தெரியாது: மெத்திலீன் குளோரைடு போன்ற குளோரின் கலந்த கரைப்பான்களை அலுமினியப் பம்பில் ஏற்றினால் அலுமினியம் அதோடு வினைபுரிந்து பம்ப் வெடிக்கும் நிலைகூட வரும். பம்போடு வரும் கையேட்டில் இந்த எச்சரிக்கை இருக்கும். தயவுசெய்து படித்துவிட்டு மாட்டுங்கள்.

கப்பலில் வேலை செய்பவர்களிடம் "வில்டன் பம்ப்" என்று சொன்னால் போதும். எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் அங்கே அதுதான் பெயர். டெக்கில் எண்ணெய் சிந்தினால் கடலுக்குள் போகும் முன் அள்ளி டாங்கில் சேர்க்கத் தீப்பொறி வராத கையடக்கப் பம்ப் தயாராக நிற்க வேண்டும். டெக் முழுதும் காற்று லைன் இருப்பதால் ஹோஸை மாட்டினால் ஓடும். சரக்குத் தொட்டியின் அடியில் மிஞ்சும் கழுவுநீரை எடுக்கவும் இதைத்தான் இறக்குவார்கள். சுரங்கங்களிலும் சுரங்கப்பாதை வேலைகளிலும் அப்படித்தான்: காற்று ஏற்கெனவே இருக்கிறது, தண்ணீரில் கல்லும் மண்ணும் இருக்கிறது. பொருள் பொருத்தமாக இருந்தால் பம்பையே தண்ணீருக்குள் முக்கலாம், வெளியேறும் காற்றை மட்டும் ஹோஸ் போட்டு நீர்மட்டத்துக்கு மேலே விட வேண்டும்.

செராமிக் ஆலைகளில் களிமண் குழம்பும் கிளேஸும் இம்பெல்லரைச் சில மாதங்களில் தின்றுவிடும். அங்கே இது நீடிக்கிறது. உணவு ஆலைகளில் சாஸ், பழக்கூழ் போன்றவற்றுக்குக் கழற்றிக் கழுவ எளிதான ஸ்டெயின்லெஸ் மாடல்கள் உண்டு. செமிகண்டக்டர் ஆலைகளில் ஆசிட்டில் ஓர் உலோகத் துகளும் கலக்கக்கூடாது என்பதற்காக முழுக்க டெஃப்லானில் குடைந்த பம்புகள் ஓடுகின்றன. கார் பெயின்ட் ஷாப்பில் நாள் முழுதும் பெயின்ட் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மெல்ல மெல்ல மின்சாரப் பம்புகளுக்கு மாறுகிறார்கள். மேலே போட்ட கணக்குதான் காரணம்.

உங்கள் இடத்தில் மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. இந்தப் பம்ப் துடிக்கும். ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரோக் லைன் குலுங்கும். இரண்டு பக்கமும் நேராகப் பிவிசி பைப்பை ஒட்டினால் ஜாயின்ட் விரிசல் விடும். பம்பை ஒட்டி அரை மீட்டர் வளையும் ஹோஸ் போடுங்கள். உறிஞ்சும் பக்க ஹோஸ் உள்ளே கம்பி வைத்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்ளும். தொட்டி உயரத்தில் இருந்து ஸ்லட்ஜ் தானாக இறங்குவதாக இருந்தால் 7 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம். அந்த அழுத்தம் டயாபிரத்தை உள்பக்கம் அமுக்கி ஆயுளைக் குறைக்கும். காற்று லைனில் 5 மைக்ரான் ஃபில்டரும் ரெகுலேட்டரும் பம்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எண்ணெய் விடும் லூப்ரிகேட்டர் தேவையா என்று கையேட்டைப் பாருங்கள். இப்போது வரும் பல ஏர் வால்வுகளுக்கு எண்ணெய் வேண்டாம், சிலவற்றில் விட்டால் சீல் ஊதிக் கெட்டுப்போகும்.

டயாபிரம் ஒரு நாள் கிழியத்தான் செய்யும். முதல் அறிகுறி, பிரஸ் பக்கம் போகும் ஸ்லட்ஜில் காற்றுக் குமிழி. அடுத்தது, சைலன்சரிலிருந்து ஸ்லட்ஜ் தெறிப்பது. ஆசிட் ஏற்றும் இடமாக இருந்தால் அது ஆள் முகத்தில் தெறிக்கும். அதனால் எந்தப் பம்பிலும் சைலன்சர் வாயைப் பைப் போட்டுத் தொட்டிப் பக்கமோ வடிகால் பக்கமோ திருப்பிவிடுவது நல்ல பழக்கம். காற்றை அடைக்கும் பால் வால்வு கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்கட்டும். லோடு முடிந்ததும் பம்புக்குள் ஸ்லட்ஜை அப்படியே விடாதீர்கள். இரவில் இறுகிப் பந்துக்கடியில் கட்டிவிடும். இரண்டு நிமிடம் தண்ணீர் ஓட்டினால் போதும். பம்ப் தட்டுகிறது, ஆனால் எதுவும் ஏறவில்லை என்றால் டயாபிரத்தைச் சந்தேகிக்கும் முன் பந்தும் சீட்டும் சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒரு துண்டு மாட்டியிருக்கும்.

சப்ளையரிடம் 1 இன்ச் பாலிபுரொப்பிலீன் பம்புக்குப் புதிய விலை கேளுங்கள். கூடவே டயாபிரம், பந்து, சீட் கொண்ட ஸ்பேர் கிட் ஒன்றுக்கும், ஏர் வால்வு கிட் ஒன்றுக்கும் இப்போதே விலை எழுதி வாங்குங்கள். பம்பை மலிவாகக் கொடுத்து ஸ்பேரில் பிடிப்பவர்கள் உண்டு, உள்ளூரில் ஸ்டாக் இல்லாமல் வாரக்கணக்கில் காக்க வைப்பவர்களும் உண்டு. பிளேட்டிங்குக்கு முன் நீங்கள் எண்ணெய் எடுக்கும் டிகிரீசிங் தொட்டியின் கழிவும் இதே ஸ்லட்ஜில் சேருகிறதா என்று மட்டும் எழுதுங்கள். எண்ணெய் கணிசமாக இருந்தால் சான்டோபிரீனுக்குப் பதில் நைட்ரைல் கேட்க வேண்டியிருக்கும்.